கண்ணாடியைக் கழற்றிய காமிரா
(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு)

கல்யாண மண்டபத்தில் ஃபோட்டோக்காரர் பட்டனை அமுக்கும்போது 'ச்சடக்' என்று ஒரு சத்தம் கேட்குமே, அது எதனுடைய சத்தம்? கேட்டால் பத்துப் பேரில் ஒன்பது பேர் 'ஷட்டர்' என்பார்கள். பாதிதான் சரி. அந்தச் சத்தத்தில் பெரும்பங்கு ஷட்டருக்கு முன்னால் நிற்கிற ஒரு சின்னக் கண்ணாடியுடையது. அது படாரென்று மேலே போய் மோதி, திரும்பக் கீழே வந்து உட்காருகிற சத்தம். இப்போது பல மண்டபங்களில் அந்தச் சத்தம் கேட்பதில்லை. காரணம் தேடிப் போனால் ஜப்பானில் ஒரு கம்பெனியின் கதையில் போய் நிற்கும். கொடுத்த வாக்கை அறுபது வருஷம் காப்பாற்றி, அந்த வாக்கினாலேயே தடுமாறி, பிறகு எழுந்த கம்பெனி. பெயர் நிக்கான்.

முதலில் அந்தக் கண்ணாடி எதற்கு என்று பார்த்துவிடுவோம். ஃபிலிம் காலத்தில் காமிரா செய்தவர்களுக்கு ஒரு சங்கடம் இருந்தது. படம் விழப் போவது லென்ஸுக்குப் பின்னால் உள்ள ஃபிலிமில். ஆனால் ஃபிலிம் இருக்கும் இடத்தில் கண்ணை வைத்துப் பார்க்க முடியாது. அப்படியானால் எடுக்கப் போகும் படத்தை, அதே லென்ஸ் வழியாக, முன்கூட்டியே எப்படிப் பார்ப்பது? லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவே 45 டிகிரி சாய்வில் ஒரு கண்ணாடியை வைத்தார்கள். ஒளி அதில் பட்டு மேலே திரும்பி ஒரு தேய்த்த கண்ணாடித் திரையில் பிம்பமாக விழும். அந்தப் பிம்பத்தை ஒரு ப்ரிசம் நேராக்கிக் கண்ணுக்கு அனுப்பும். பட்டனை அமுக்கினால் கண்ணாடி விலகி வழிவிடும், ஷட்டரின் முதல் திரை ஓடும், பின்னாலேயே இரண்டாம் திரை ஓடும், கண்ணாடி பழைய இடத்துக்கு வரும். இதுதான் எஸ்.எல்.ஆர். ஃபிலிம் போய் சென்சார் வந்த பிறகும் இந்த ஏற்பாடு மாறவில்லை. பெயருக்கு முன்னால் ஒரு 'டி' சேர்ந்தது, அவ்வளவுதான்.

நம்ம மெக்கானிக்கல் நண்பர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நிக்கான் 2020ல் வெளியிட்ட டி6 காமிரா ஒரு வினாடிக்கு 14 படம் எடுக்கும். அதாவது ஒரு படத்துக்கு 71 மில்லி செகண்ட். அதற்குள் கண்ணாடி ஏற வேண்டும், போய் நின்ற இடத்தில் துள்ளாமல் நிற்க வேண்டும், ஷட்டர் ஓட வேண்டும், கண்ணாடி இறங்க வேண்டும், மறுபடி துள்ளாமல் நிற்க வேண்டும். ஃபோகஸ் பார்ப்பதற்கும் நேரம் மிச்சம் வைக்க வேண்டும். டேம்ப்பிங் என்று புத்தகத்தில் படித்து விட்டு மறந்துபோகிறோமே, அது முழுக்க அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது. அதன் ஷட்டரை 4 லட்சம் தடவை இயக்கிச் சோதித்ததாக நிக்கான் சொல்கிறது. ஒரு கைக்கடிகாரத்தின் நுணுக்கமும் ஒரு சுத்தியலின் அடியும் ஒரே இடத்தில் சேர்ந்த மாதிரி.

இன்னொரு விஷயம் உண்டு, அது வெளியே தெரியாது. அந்தப் பெரிய கண்ணாடியின் நடுப்பகுதி கொஞ்சம் ஒளியை உள்ளே விடும். பின்னால் ஒரு குட்டிக் கண்ணாடி தொங்கும். அது அந்த ஒளியைக் கீழே திருப்பி, பெட்டியின் அடியில் உள்ள ஆட்டோஃபோகஸ் சென்சாருக்கு அனுப்பும். ஃபோகஸ் பார்ப்பது ஒரு சென்சார், படம் பிடிப்பது வேறு சென்சார். இரண்டுக்கும் லென்ஸிலிருந்து உள்ள தூரம் அச்சு அசலாக ஒன்றாக இருந்தால்தான் படம் கூர்மையாக வரும். குட்டிக் கண்ணாடி ஒரு முடி அளவு சாய்ந்தாலும் மணப்பெண்ணின் கண்ணுக்குப் பதிலாகக் காது ஷார்ப்பாக இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் உதவிக்குப் போகும் காமிரா சர்வீஸ் கடையில் இந்தக் கோளாறோடு வந்த டி70 ஒன்றை அண்ணன் சரி செய்ததைப் பார்த்திருக்கிறேன். கண்ணாடிப் பெட்டியின் பக்கச் சுவரில் ஓர் எக்சென்ட்ரிக் ஸ்க்ரூ இருக்கிறது. 2 மி.மீ. ஆலன் கீயை விட்டு அதைத் துளியூண்டு திருப்புவார். மேஜை மேல் ஸ்கேலைச் சாய்த்து வைத்து ஒரு படம் எடுப்பார். எந்தக் கோடு ஷார்ப் என்று பார்த்து மறுபடி திருப்புவார். இப்படிப் பதினைந்து இருபது தடவை. "தம்பி, இது கண்ணால பாக்குற வேலை இல்ல, விரலால கேக்குற வேலை" என்பார்.

சரி, இந்தக் கண்ணாடி மேலும் கீழும் அசைய இடம் வேண்டுமல்லவா? அந்த இடத்துக்கு ஓர் அளவு உண்டு. லென்ஸ் மாட்டுகிற வளையத்தின் முகத்திலிருந்து ஃபிலிம் வரை உள்ள தூரம். நிக்கானில் அது 46.5 மி.மீ. இந்த எண்ணை மனசில் வைத்துக் கொள்ளுங்கள். கதையே இதில்தான்.

நிக்கான் 1917ல் டோக்கியோவில் நிப்பான் கோகாக்கு என்ற பெயரில் ஆரம்பித்த ஒளியியல் கம்பெனி. முதல் காமிரா வந்தது 1948ல். வேடிக்கை என்னவென்றால் அந்தக் காமிராவில் கண்ணாடிப் பெட்டி கிடையாது! அது ரேஞ்ச்ஃபைண்டர் வகை. லென்ஸ் வழியாகப் பார்க்காமல் பக்கத்தில் உள்ள தனி ஜன்னல் வழியாகப் பார்க்க வேண்டும். 1950ல் கொரியப் போரைப் படமெடுக்கப் போன லைஃப் பத்திரிகையின் டேவிட் டக்ளஸ் டன்கன் நிக்கோர் லென்ஸ்களைப் பயன்படுத்தியதால் உலகத்துக்கு இந்தப் பெயர் தெரிய வந்தது. 1954ல் ஜெர்மனியின் லைக்கா எம்3 வந்தது. அந்த வகையில் அதைத் தோற்கடிப்பது லேசில்லை என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. ஜப்பான் கம்பெனிகள் எஸ்.எல்.ஆர். பக்கம் திரும்பின. நிக்கான் தன் எஸ்.பி. என்ற ரேஞ்ச்ஃபைண்டரை எடுத்து, நடுவில் கண்ணாடிப் பெட்டியைப் புகுத்தி, 1959ல் நிக்கான் எஃப் என்று வெளியிட்டது. பத்திரிகைக்காரர்கள், போர்முனைக்குப் போனவர்கள், விளையாட்டுப் படமெடுத்தவர்கள் எல்லாரும் அதன் பக்கம் சாய்ந்தார்கள். கண்ணாடி இல்லாததிலிருந்து கண்ணாடி உள்ளதற்குத் தாவிப் பிழைத்த கம்பெனிதான் நிக்கான் என்பதை இங்கே கவனிக்க வேண்டும்.

அந்த 1959ஆம் வருஷத்து வளையத்தை நிக்கான் மாற்றவே இல்லை. ஆட்டோஃபோகஸ் வந்தது, மாற்றவில்லை. 1999ல் டி1 என்ற டிஜிட்டல் காமிரா வந்தது, மாற்றவில்லை. உள்ளே நெம்புகோல், மின்தொடர்பு என்று சில்லறை மாற்றங்கள் உண்டு. பழைய லென்ஸ் எல்லாம் எல்லா உடலிலும் எல்லா வசதியோடும் வேலை செய்யும் என்று சொல்ல முடியாது. ஆனால் வளையம் அதே வளையம், தூரம் அதே 46.5. லென்ஸில் பணத்தைப் போட்டவனை நட்டாற்றில் விடமாட்டோம் என்பதுதான் அதன் பொருள். காமிரா உடலை நாலு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றுவார்கள். லென்ஸை மாற்ற மாட்டார்கள், அது சொத்து.

எதிராளி கேனான் நேர்மாறாக நடந்தது. 1987ல் ஆட்டோஃபோகஸுக்காகத் தன் பழைய எஃப்.டி. வளையத்தையே தூக்கி எறிந்துவிட்டு ஈ.எஃப். என்று புதிதாக ஆரம்பித்தது. பழைய லென்ஸ் வைத்திருந்தவர்கள் திட்டித் தீர்த்தார்கள். ஆனால் புது வளையத்தின் உள்விட்டம் 54 மி.மீ., நிக்கானுடையது 44 மி.மீ. வாய் அகலமாக இருந்தால் பின்பக்கக் கண்ணாடியைப் பெரிதாக வைக்கலாம், வெளிச்சம் அதிகம் வாங்கும் லென்ஸ் செய்வது சுலபம். மோட்டாரையும் லென்ஸுக்குள்ளேயே வைத்தார்கள். அடுத்த பத்து வருஷத்தில் விளையாட்டு மைதானங்களில் கேனானின் வெள்ளை லென்ஸ்கள் வரிசை கட்டி நின்றன. வாக்குத் தவறியவனுக்குப் பலன், காப்பாற்றியவனுக்குச் சங்கடம். நியாயமா என்று கேட்காதீர்கள்.

இனி கண்ணாடிக்கு எப்படி வேலை போனது என்பதற்கு வருவோம். ஃபிலிமில் எட்டிப் பார்க்க முடியாது என்றுதான் கண்ணாடி வைத்தோம். சென்சாரில் அந்தக் கஷ்டம் இல்லை. சென்சார் பார்ப்பதை அப்படியே ஒரு சின்னத் திரையில் காட்டிவிட்டால் முடிந்தது. 2008 ஆகஸ்டில் நிக்கானே டி90 என்ற காமிராவை அறிவித்தது. வீடியோ எடுக்கிற முதல் டி.எஸ்.எல்.ஆர். அதுதான். வீடியோ எடுக்கும்போது அதன் கண்ணாடி என்ன செய்யும்? மேலே போய்ச் சும்மா நிற்கும்! கண்ணாடி இல்லாமலேயே காமிரா வேலை செய்யும் என்பதை உலகத்துக்குக் காட்டியவர்களில் நிக்கானும் ஒன்று. அடுத்த மாசமே பானசோனிக் ஜி1 அறிவிப்பு வந்தது. அதில் கண்ணாடியே கிடையாது, சென்சார் மட்டும் கொஞ்சம் சின்னது.

தடையாக இருந்தது ஃபோகஸ். கண்ணாடியை எடுத்தால் அடியில் இருந்த ஃபோகஸ் சென்சாருக்கு ஒளி போகாது. படச் சென்சாரை வைத்தே ஃபோகஸ் பார்க்க வேண்டும். முதலில் வந்த முறை, லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்தி எங்கே கூர்மை அதிகம் என்று தேடுவது. இருட்டு அறையில் ஸ்விட்சைத் தடவுகிற மாதிரி. ஓடுகிற பிள்ளையை அதில் பிடிக்க முடியாது. தீர்வு, படச் சென்சாரிலேயே சில புள்ளிகளை ஃபோகஸ் பார்க்கவென்று ஒதுக்கி விடுவது. அந்தப் புள்ளிகளுக்கு லென்ஸின் ஒரு பாதியிலிருந்து வரும் ஒளி மட்டும் தெரியும்படி மறைத்து விடுவார்கள். சிலவற்றுக்கு இடது பாதி, சிலவற்றுக்கு வலது. இரண்டு கூட்டமும் பார்க்கும் பிம்பம் எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று ஒப்பிட்டால், லென்ஸை எந்தப் பக்கம் எவ்வளவு நகர்த்த வேண்டும் என்று உடனே தெரியும். தடவ வேண்டியதில்லை. ஃபோகஸ் பார்ப்பதும் படம் பிடிப்பதும் ஒரே சென்சார் ஆகிவிட்டதால் ஆலன் கீ வேலையும் மிச்சம்!

இதை லென்ஸ் மாற்றும் காமிராவில் முதலில் கொண்டு வந்தது யார் தெரியுமா? சாட்சாத் நிக்கான்தான். 2011 செப்டம்பரில் அறிவித்த நிக்கான் 1 வரிசை. 73 ஃபோகஸ் புள்ளிகள், ஃபோகஸைத் தொடர்ந்துகொண்டே வினாடிக்கு 10 படம். அந்த வருஷம் நிக்கானுக்குப் போதாத காலம். மார்ச்சில் பூகம்பம், செண்டாய் தொழிற்சாலை நின்றது. அக்டோபரில் தாய்லாந்தின் அயுத்தயாவில் வெள்ளம், அங்கே இருந்த பெரிய தொழிற்சாலை மூழ்கியது. இரண்டுக்கும் நடுவே இப்படி ஒரு காமிராவை வெளியே கொண்டு வந்தார்கள் என்றால் அந்த எஞ்சினியர்களுக்குக் கும்பிடு போட வேண்டும்.

ஆனால் சென்சாரின் அளவைப் பாருங்கள். 13.2க்கு 8.8 மி.மீ. முழு அளவுச் சென்சார் 36க்கு 24. பரப்பைக் கணக்கிட்டால் ஏழில் ஒரு பங்கு கூட இல்லை. மூளையும் கால்களும் குதிரையுடையது, வயிறு கோழியுடையது. வெளிச்சம் குறைந்த இடத்தில் படம் புள்ளி புள்ளியாக வரும். ஏன் இப்படிச் செய்தார்கள்? பெரிய சென்சாரைப் போட்டால் தன்னுடைய டி.எஸ்.எல்.ஆர். விற்பனையைத் தானே தின்றுவிடும் என்ற பயம்தான் என்பது என் எண்ணம். இளஞ்சிவப்பு உட்படப் பல கலரில் விட்டார்கள். கையில் வைத்துக் கொள்ள அழகு. தொழில் செய்கிறவன் வாங்கவில்லை. 2018ல் அந்த வரிசையையே நிறுத்திவிட்டார்கள். நிக்கான் பின்தங்கியது வாக்கைக் காப்பாற்றியதால் மட்டும் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. வாக்கைக் காரணம் காட்டி வியாபாரத்தைக் காப்பாற்றப் பார்த்தார்கள், அதுதான் அடித்தது. கேனானும் 2012ல் இதே போல ஒப்புக்கு ஒரு சின்னக் காமிராவை விட்டது. இரண்டு பெரியவர்களும் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள்.

நடுவே புகுந்தது சோனி. டேப் ரெக்கார்டர், டி.வி. செய்கிற கம்பெனிக்குக் காமிரா எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. 2006ல் கோனிக்கா மினோல்டாவின் காமிராப் பிரிவை வாங்கியது. 2010ல் கண்ணாடி இல்லாத சின்ன வரிசை. 2013 அக்டோபரில் ஏ7 என்று முழு அளவுச் சென்சாரோடு ஒன்று. சோனிக்கு இழக்கப் பெரிய எஸ்.எல்.ஆர். ராஜ்யம் இல்லை, அதனால் பயமும் இல்லை. இதில் இன்னொரு கூத்து, நிக்கானின் பல காமிராக்களுக்குள் இருந்த சென்சாரைச் செய்து கொடுத்ததே சோனிதான்!

முதல் ஏ7ல் குறைகள் நிறைய. பாட்டரி சீக்கிரம் தீரும், லென்ஸும் அதிகம் கிடையாது. ஆனால் அங்கேதான் தூரத்தின் சூட்சுமம் வேலை செய்தது. சோனியின் வளையத்திலிருந்து சென்சாருக்கு 18 மி.மீ.தான். கேனானில் 44, நிக்கானில் 46.5. மிச்சமுள்ள தூரத்துக்கு ஒரு குழாயைச் செய்து நடுவில் மாட்டினால் கேனான் லென்ஸும் சோனியில் உட்காரும், நிக்கான் லென்ஸும் உட்காரும். திருப்பிச் செய்ய முடியாது, ஏனென்றால் 46.5ஐ வெட்டி 18 ஆக்க வழியில்லை. தூரம் குறைந்தவன் வீட்டில் எல்லாரும் விருந்தாளி. தன் லென்ஸ் தயாராகிற வரை அடுத்தவன் லென்ஸை வைத்தே சோனி ஆள் சேர்த்தது. 2017ல் ஏ9 வந்தது. வினாடிக்கு 20 படம், சத்தமே இல்லாமல், பார்க்கும் திரை ஒரு கணம் கூடக் கறுக்காமல். கண்ணாடி ஏறி இறங்குகிற காமிராவில் ஒவ்வொரு படத்துக்கும் கண் முன்னால் ஒரு கணம் இருட்டும். விளையாட்டுப் படமெடுக்கிறவர்களுக்கு அந்த இருட்டு பழகிப் போயிருந்தது. அது இல்லாமலும் முடியும் என்று பார்த்த பிறகு பழையதற்குத் திரும்பிப் போக மனசு வருமா?

இதற்கிடையில் செல்ஃபோன் வந்து மொத்தச் சந்தையையே விழுங்கிக் கொண்டிருந்தது. உலகம் முழுக்க ஜப்பான் கம்பெனிகள் அனுப்பிய டிஜிட்டல் காமிராக்கள் 2010ல் 12 கோடிக்கு மேல். 2020ல் 90 லட்சத்துக்கும் கீழே. அந்த 2020ல்தான் கண்ணாடி இல்லாத காமிராக்கள் முதல் தடவையாக டி.எஸ்.எல்.ஆரை எண்ணிக்கையில் முந்தின.

2018 ஆகஸ்ட் 23. நிக்கான் இசட்7, இசட்6 இரண்டையும் அறிவித்தது. 59 வருஷத்துக்குப் பிறகு புது வளையம். உள்விட்டம் 55 மி.மீ., தூரம் 16 மி.மீ. அகலத்தில் கேனானை விட ஒரு மி.மீ. கூட, தூரத்தில் சோனியை விட 2 மி.மீ. குறைவு. இவ்வளவு நாள் 44க்குள் முடங்கிக் கிடந்த லென்ஸ் டிசைனர்களின் கோபம் அந்த அளவில் தெரிகிற மாதிரி எனக்குப் படும். அடுத்த வருஷமே எஃப் 0.95 என்று ஒரு 58 மி.மீ. லென்ஸைச் செய்து காட்டினார்கள், எடை ஏறக்குறைய 2 கிலோ! யார் வாங்குவார்கள் என்பது வேறு விஷயம். வைடு லென்ஸ்களுக்கு வந்த லாபம்தான் பெரிது. முன்பெல்லாம் கண்ணாடி அசைகிற இடத்தை விட்டுத் தள்ளி நின்று பிம்பத்தை எறிய வேண்டியிருந்ததால் கூடுதல் கண்ணாடித் துண்டுகளைச் சேர்த்து வளைத்துத் திருப்பினார்கள். இப்போது பின் கண்ணாடியைச் சென்சாருக்குப் பக்கத்திலேயே கொண்டு போகலாம்.

இரண்டு வாரத்தில், செப்டம்பர் 5ஆம் தேதி, கேனானும் தன் ஈ.ஓ.எஸ். ஆர் காமிராவை அறிவித்தது. திண்ணைப் பெரியவர்கள் இருவரும் ஒரே நேரத்தில் இறங்கி ஓடினார்கள்.

நிக்கானின் முதல் ஓட்டத்தில் இடறல் உண்டு. இசட்7லும் இசட்6லும் மெமரி கார்டு போட ஒரே ஒரு இடம். ஒரு கார்டு கெட்டாலும் இன்னொன்றில் படம் இருக்க வேண்டும் என்பது தொழிலில் பாலபாடம். தாலி கட்டுகிற நிமிஷம் ஒரு தடவைதான் வரும், "கார்டு போயிடுச்சு, மறுபடி கட்டுங்க" என்று சொல்ல முடியுமா? 2020ல் வந்த இரண்டாம் பதிப்பில்தான் இரண்டு இடம் கொடுத்தார்கள். அடுத்தது பாட்டரி. ஒரே வகைப் பாட்டரியை வைத்து எஸ்.எல்.ஆரான டி850 ஒரு சார்ஜில் 1,840 படம் எடுக்கும், இசட்7 330 படம்தான். இது சோதனைக் கணக்கு, நிஜத்தில் இரண்டும் கூடவே எடுக்கும், ஆனால் விகிதத்தைப் பாருங்கள். கண்ணாடி வழியாகப் பார்ப்பது வீட்டு ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்ப்பது போல, கரண்ட் வேண்டாம். திரையில் பார்ப்பது டி.வி. பார்ப்பது போல, சென்சாரும் திரையும் எந்நேரமும் எரிந்துகொண்டே இருக்க வேண்டும்.

2021 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் நிக்கானுக்கு சுமார் 5,600 கோடி யென் செயல்பாட்டு நஷ்டம். கொரோனாவும் சேர்ந்துகொண்டது. ஜப்பானில் நடந்துவந்த காமிரா உடல் தயாரிப்பைத் தாய்லாந்துக்கு மாற்றினார்கள். நிக்கான் காமிராவை விட்டே போய்விடும் என்று பேசிக் கொண்டார்கள்.

அந்த 2021 அக்டோபரில் வந்தது இசட்9. இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கண்ணாடியைக் கழற்றியவர்கள் இதில் ஷட்டரையும் கழற்றி விட்டார்கள்!

ஷட்டர் திரை எதற்கு? சென்சார் படத்தை வரி வரியாகத்தான் வாசிக்கும். மேல் வரியை வாசித்து முடித்துக் கீழ் வரிக்கு வருவதற்குள் எதிரில் போகும் பஸ் கொஞ்சம் நகர்ந்துவிடும், படத்தில் பஸ் சாய்ந்து தெரியும். சுற்றுகிற ஃபேன் இறக்கை வாழை இலை மாதிரி வளையும். பழைய சென்சார்கள் ஒரு படத்தை வாசிக்கப் பல பத்து மில்லி செகண்ட் எடுத்தன. ஷட்டர் திரையோ மேலிருந்து கீழே ஏறக்குறைய 4 மில்லி செகண்டில் ஓடிவிடும். அதனால் திரையை நம்பினார்கள். இசட்9ல் சென்சாரை அடுக்கு அடுக்காகச் செய்திருக்கிறார்கள். மேல் அடுக்கில் ஒளி வாங்கும் புள்ளிகள், அடியிலேயே வேகமான சர்க்யூட். களத்து நெல்லை ஒரே வாசல் வழியாக மூட்டை மூட்டையாகத் தூக்காமல், களத்துக்கு அடியிலேயே குடோன் வெட்டிய மாதிரி. 45.7 மெகாபிக்சல் படத்தை அது வாசித்து முடிக்கும் நேரமும் சோதித்தவர்கள் கணக்குப்படி ஏறக்குறைய அதே 4 மில்லி செகண்ட். திரையின் வேகத்தைச் சென்சார் எட்டிப் பிடித்த பிறகு திரை எதற்கு? முழு ராஃபைலாக வினாடிக்கு 20 படம், அளவைக் குறைத்துக் கொண்டால் 120. தேய்மானம் இல்லை, அதிர்வு இல்லை. சத்தமும் இல்லை என்பதால், எடுப்பவர்களுக்குத் தெரிய வேண்டுமென்று ஸ்பீக்கர் வழியாக ஒரு 'க்ளிக்' சத்தத்தை வைத்திருக்கிறார்கள்! 2023ல் வந்த இசட்8ம் இதே வகைதான்.

எங்கள் அண்ணன் இந்தச் செய்தியைக் கேட்டு ரொம்ப நேரம் பேசவில்லை. கண்ணாடிப் பெட்டி, ஷட்டர் திரை, ஃபோகஸ் அலைன்மென்ட், இந்த மூன்றும்தான் கடைக்கு அதிகம் வரும் வேலை. என் அப்பா "கையில தொழில் இருந்தா பொழைச்சுக்கலாம்" என்று சொல்லித்தான் என்னை டிப்ளமோவில் சேர்த்தார். எங்கள் வீட்டில் இதுவரை படிக்க வந்தது நான் ஒருத்தன்தான். அண்ணன் கையிலும் தொழில் இருக்கிறது, இருபத்தைந்து வருஷத் தொழில். பெட்டிதான் குறைந்துகொண்டே வருகிறது. இப்போது அவர் லென்ஸ் பூஞ்சை எடுப்பதிலும், உடைந்த மவுண்ட் மாற்றுவதிலும், ரிப்பன் கேபிள் வேலையிலும் அதிகம் இறங்கியிருக்கிறார். மைக்ராஸ்கோப் வைத்துச் சால்டரிங் பழகுகிறார். அதில் அவருக்குத் தெரியாத எலக்ட்ரானிக்ஸ் சிலவற்றை நான் புத்தகம் பார்த்துச் சொல்கிறேன், எனக்குத் தெரியாததை அவர் விரலைப் பார்த்துக் கற்றுக் கொள்கிறேன்.

மெக்கானிக்கல் முழுக்க ஒழிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். இசட்6, இசட்7 முதலே சென்சார் காந்தங்களின் நடுவில் மிதக்கிறது. கை நடுங்கினால் அது எதிர்ப்பக்கம் நகர்ந்து சரிசெய்யும். 46.5 மி.மீ. காலத்து நிக்கான் எஸ்.எல்.ஆர். எதிலும் இந்த வசதி உடலுக்குள் இருந்ததில்லை.

வாக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். 46.5லிருந்து 16ஐக் கழித்தால் 30.5. அந்த 30.5 மி.மீ.க்கு எஃப்.டி.இசட். என்று ஓர் அடாப்டரை நிக்கானே செய்து கொடுத்தது. உள்ளே மோட்டார் வைத்த லென்ஸ்கள் அதில் நன்றாகவே ஆட்டோஃபோகஸ் செய்யும். ஆனால் 1986க்குப் பிறகு வந்த ஆட்டோஃபோகஸ் லென்ஸ்களில் பல, காமிரா உடலில் உள்ள மோட்டாரால் ஒரு ஸ்க்ரூ டிரைவர் போலத் திருகப்படுபவை. அடாப்டரில் அந்த மோட்டாரை நிக்கான் வைக்கவில்லை. அவற்றுக்குக் கையால்தான் ஃபோகஸ். இன்னொரு பக்கம், 1977க்கு முந்தின ஆதிகால நிக்கோர்களை டி850 போன்ற எஸ்.எல்.ஆரில் அப்படியே மாட்டினால் வளையத்தில் உள்ள நெம்புகோல் சேதமாகும், மாட்டக்கூடாது. எஃப்.டி.இசட்.டில் அந்த நெம்புகோலே இல்லை என்பதால் தாராளமாக உட்காரும். தாத்தாவுக்கு நாற்காலி உண்டு, அப்பாவுக்கு இல்லை! அண்ணனின் அலமாரியில் கிடந்த 50 மி.மீ. எஃப் 2 ஒன்றை, ரிப்பேருக்கு வந்த இசட்6ல் மாட்டிப் பார்த்தோம். அந்த லென்ஸ் செய்யப்பட்டபோது என் அப்பாவே பிறந்திருக்க மாட்டார். மெனுவில் '50 மி.மீ.' என்று சொல்லிக் கொடுத்ததும் சென்சார் அதற்கும் சேர்த்து நடுக்கத்தைச் சரிசெய்தது.

ஃபோட்டோ எடுக்க ஆசை உள்ள நண்பர்களுக்கு இதில் ஒரு லாபம் உண்டு. 2022ல் ஜப்பானின் நிக்கேய் பத்திரிகை, நிக்கான் இனிப் புது எஸ்.எல்.ஆர். உருவாக்காது என்று எழுதியது. நிக்கான் அதை ஊகம் என்றது, தயாரிப்பும் சர்வீஸும் தொடரும் என்றது. எப்படியோ, எல்லாரும் மாறுவதால் செகண்ட் ஹேண்டில் நல்ல எஸ்.எல்.ஆர். மலிவாகக் கிடைக்கிறது. வாங்கப் போனால் லென்ஸைக் கழற்றிக் கண்ணாடியைப் பாருங்கள். தொடர்ந்து பத்துப் படம் எடுத்து, ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரிச் சத்தத்தோடு இறங்குகிறதா என்று கேளுங்கள். எத்தனை தடவை ஷட்டர் ஓடியிருக்கிறது என்று கேட்டு வாங்குங்கள். ஸ்கேலைச் சாய்த்து வைத்து ஃபோகஸ் சோதியுங்கள். தூசி இருந்தால் பம்ப்பால் ஊதுங்கள். கண்ணாடியை மட்டும் விரலாலோ துணியாலோ துடைத்துவிடாதீர்கள். நம் வீட்டு முகம் பார்க்கும் கண்ணாடி போல அதன் பூச்சு பின்பக்கம் இல்லை, முன்பக்கத்திலேயே இருக்கிறது. துடைத்தால் கையோடு வந்துவிடும்.